வேலூரிலிருந்து நாகப்பட்டினம் துறைமுகம்: காலைக் கப்பலுக்கு எப்படிப் போய்ச் சேர்வது?

சத்துவாச்சாரி மகள்:

அனைவருக்கும் வணக்கம். யாழ்ப்பாணத்து நல்லூர் கந்தசுவாமி கோயில் தேரை ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்பது 72 வயதான என் அம்மாவின் நெடுநாள் ஆசை. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் ஓடுவதால், செப்டம்பர் முதல் வாரத்தில் ஒரு நாள் காலைக் கப்பலுக்கு அம்மாவுக்கும் எனக்கும் என் கணவருக்கும் பயணச்சீட்டு எடுத்துவிட்டோம். கடல்வழி ஏறத்தாழ 110 கிலோமீட்டர்தான். நான்கு மணி நேரத்தில் போய்விடலாம் என்கிறார்கள். வேலூரிலிருந்து நாகை வரையுள்ள 300 கிலோமீட்டர்தான் எங்களுக்குப் பெரிய கவலையாக இருக்கிறது.

முதல் நாள் இரவு 10 மணிக்கு வாடகைக் காரில் புறப்பட்டு, திருவண்ணாமலை, விழுப்புரம், புதுச்சேரி, கடலூர், காரைக்கால் வழியாக விடியற்காலை 5 மணிக்குத் துறைமுகத்தை அடைந்துவிடலாம், அறை வாடகையும் மிச்சமாகும் என்பது என் கணவரின் திட்டம். ஆனால் அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நடக்காவிட்டால் கால் வீங்கிவிடுகிறது. இந்தத் திட்டம் சரிவருமா? ரயிலில் போக வழி உண்டா? திரும்பி வரும்போது கப்பல் மாலையில் நாகையை அடைந்தால், அன்றிரவே வேலூர் திரும்ப முடியுமா? போய் வந்தவர்கள் வழிகாட்டினால் பெரிய உதவியாக இருக்கும்.

ஆரணி வாசகர்:

சகோதரி, நீங்கள் எழுதியிருக்கும் இதே திட்டத்துடன்தான் சென்ற ஆண்டு நாங்கள் நால்வர் ஆரணியிலிருந்து புறப்பட்டோம். கடலூரைத் தாண்டியதும் பின்பக்கச் சக்கரம் ஒன்று பஞ்சர் ஆனது. ஸ்டெப்னியைக் கழற்றிப் பார்த்தால் அதில் காற்றே இல்லை. நள்ளிரவு தாண்டிய நேரத்தில் பஞ்சர் கடை தேடி, கதவைத் தட்டி ஆளை எழுப்பி, சரிசெய்து முடிக்க இரண்டரை மணி நேரமாயிற்று. துறைமுக வாசலில் நாங்கள் இறங்கியபோது பயணிகளைப் பதிவு செய்யும் இடத்தை மூடிவிட்டார்கள். கப்பல் இன்னும் துறையில்தான் நின்றுகொண்டிருந்தது. ஆனாலும் எங்களை உள்ளே விட முடியாது என்றார்கள். அதில் அவர்கள் தவறு எதுவும் இல்லை. இது வெளிநாட்டுப் பயணம். கடவுச்சீட்டுச் சோதனை, சுங்கச் சோதனை எல்லாம் முடிந்த பிறகுதான் கப்பலில் ஏற்றுவார்கள். ஆகவே உங்கள் சீட்டில் கப்பல் புறப்படும் நேரத்தைப் பார்க்காதீர்கள். எத்தனை மணிக்குள் வந்து பதிவு செய்ய வேண்டும் என்று போட்டிருக்கிறது என்பதைப் பார்த்து, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். அறை வாடகையை மிச்சம் பிடிக்கப் போய் நான்கு பேருடைய பயணச்சீட்டுப் பணத்தையும் நாங்கள் இழந்தோம்.

வெளிப்பாளையம், நாகை:

அம்மா, நாகப்பட்டினத்துக்காரன் என்ற முறையில் ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது உங்கள் கணக்கில் வரவே இல்லை. வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு ஆகஸ்ட் 29 அன்று கொடியேறும். செப்டம்பர் 8 வரை விழா நடக்கும். நீங்கள் சொல்லும் நாள் அதற்குள்தான் வருகிறது. வேளாங்கண்ணி எங்கள் ஊரிலிருந்து 12 கிலோமீட்டர்கூட இல்லை. அந்த நாட்களில் காவி உடுத்திய பாதயாத்திரைக் கூட்டம், மாதா சொரூபம் வைத்த சிறு தேரை இழுத்துக்கொண்டு, வெயிலுக்கு அஞ்சி இரவில்தான் நடக்கும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் நள்ளிரவுக்கு மேல் வண்டி ஓட்டுகிறவர், முகப்பு விளக்கு வெளிச்சத்தில் திடீரென்று சாலை ஓரத்தில் கைக்குழந்தையோடு நடந்து போகும் குடும்பத்தைப் பார்ப்பார். தூக்கக் கலக்கத்தில் இருக்கும் ஓட்டுநரை அந்தச் சாலையில் அந்த நேரத்தில் ஓட்டச் சொல்லவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

முதல் நாளே வந்து தங்குவதுதான் வழி. ஆனால் திருவிழா நாட்களில் வேளாங்கண்ணியில் அறை கேட்கவே வேண்டாம்; நாகையிலும் நிரம்பிவிடும். அதனால் திருவாரூரில் தங்குங்கள். இங்கிருந்து 25 கிலோமீட்டர்தான். மாலைக்குள் வந்துவிட்டால் அம்மா தியாகராசர் கோயிலிலும் நிம்மதியாகத் தரிசனம் செய்யலாம். காலையில் திருவாரூரிலிருந்து துறைமுகத்துக்கு வழக்கமாக முக்கால் மணி நேரம் போதும். விழாக் காலம் என்பதால் ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். அந்த வண்டியை முதல் நாள் இரவே பேசி, ஓட்டுநரின் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

காட்பாடி ஓட்டுநர்:

நான் பதினெட்டு ஆண்டுகளாக வாடகை வண்டி ஓட்டுகிறேன். நாகைக்காரர் சொன்னதை அப்படியே ஆமோதிக்கிறேன். இன்னும் சில விவரங்கள் சொல்கிறேன்.

நீங்கள் குறித்த பாதையில் புதுச்சேரியும் காரைக்காலும் வருகின்றன. இரண்டுமே புதுச்சேரி யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்தவை. தமிழ்நாட்டு பெர்மிட் மட்டும் உள்ள வண்டி அங்கே நுழைய வேண்டுமென்றால் தனியாக வரி கட்டி பெர்மிட் போட வேண்டும். அகில இந்திய பெர்மிட் இருந்தால் அந்தத் தொல்லை இல்லை. வண்டி பேசும்போதே இதைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் சோதனைச் சாவடியில் நின்று வாக்குவாதம் செய்ய நேரும். விழுப்புரத்திலிருந்து பண்ருட்டி, வடலூர், சிதம்பரம், மயிலாடுதுறை வழியாகத் திருவாரூர் போனால் இரண்டு ஊரையும் தொடவே வேண்டாம். காலை 7 மணிக்குக் கிளம்பி, திருவண்ணாமலையில் சிற்றுண்டி, சிதம்பரத்தில் மதிய உணவு என்று அம்மாவை இறக்கி நடக்கவைத்து, மாலை 4 மணிக்குள் சேர்ந்துவிடலாம். திருவண்ணாமலைச் சாலை பௌர்ணமியன்று கிரிவலக் கூட்டத்தால் அடைபட்டுவிடும். நல்லூர்த் தேர் ஆவணி அமாவாசைக்கு முந்தின நாள் என்பதால் உங்களுக்கு அந்தச் சிக்கல் வராது.

போக மட்டும் வண்டி பேசினாலும் பெரும்பாலோர் போக வர கிலோமீட்டருக்கும் சேர்த்துத்தான் வாங்குவோம். ஓட்டுநர் பேட்டா தனி. ஆகையால் செலவைக் குறைக்க நினைத்தால் ரயிலைப் பாருங்கள். திருப்பதியிலிருந்து மன்னார்குடி செல்லும் பாமணி விரைவு வண்டி காட்பாடி, வேலூர் கன்டோன்மென்ட், திருவண்ணாமலை, விழுப்புரம், மயிலாடுதுறை வழியாக நேரே திருவாரூருக்குப் போகிறது. எங்கும் வண்டி மாற வேண்டியதில்லை. அம்மா காலை நீட்டிப் படுத்துக்கொள்ளலாம், நினைத்தபோது எழுந்து நடக்கலாம். வாரத்தில் மூன்று நாள் மட்டுமே ஓடுகிறது என்பதால் கிழமை பொருந்துகிறதா என்று பார்த்து உடனே முன்பதிவு செய்யுங்கள். சத்துவாச்சாரியிலிருந்து கன்டோன்மென்ட் பக்கம். காட்பாடி மேம்பாலப் படிகளில் அம்மாவை ஏற்ற வேண்டியதும் இல்லை.

சத்துவாச்சாரி மகள்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பாதயாத்திரை பற்றிப் படித்ததும் என் கணவர் இரவுப் பயணத் திட்டத்தைக் கைவிட்டுவிட்டார். கப்பல் நாளுக்கு முந்தின நாள் பாமணி வண்டி இல்லை. அதற்கும் முந்தின நாள் இருக்கிறது. இரண்டு இரவு திருவாரூரில் தங்குவது வீணாகுமா? கடல் சீற்றத்தால் கப்பல் ரத்தானால் என்ன செய்வது?

வெளிப்பாளையம், நாகை:

வீணாகாது அம்மா. முழங்கால் வலி உள்ளவருக்கு ரயிலுக்கும் கப்பலுக்கும் நடுவே ஒரு முழு நாள் ஓய்வு கிடைப்பது நல்லதுதான். கப்பல் ரத்தாவதும் நடக்கக்கூடியதே. 2023 அக்டோபர் 14 அன்று தொடங்கிய சேவையை வடகிழக்குப் பருவமழையால் சில நாட்களிலேயே நிறுத்தினார்கள். செப்டம்பரில் அந்த அளவுக்குக் கடல் கொந்தளிப்பது குறைவு; என்றாலும் சீட்டில் கொடுத்திருக்கும் கைப்பேசி எண்ணை அணைத்து வைக்காதீர்கள். நேரமாற்றமோ ரத்தோ அதில்தான் வரும்.

திரும்பும் நாளில் அன்றிரவே வேலூருக்குப் புறப்பட வேண்டாம். கப்பலிலிருந்து இறங்கி, சோதனைகள் முடித்துப் பெட்டியோடு வெளியே வர நேரமாகிவிடும். காரைக்காலிலிருந்து சென்னை செல்லும் இரவு விரைவு வண்டி நாகை வழியாக விழுப்புரம் போகும். ஆனால் அங்கே நடுச்சாமத்தில் இறங்கி அம்மாவோடு பேருந்து தேட வேண்டியிருக்கும். அதற்குள் வேளாங்கண்ணி விழா முடிந்திருக்கும், நாகையிலேயே அறை கிடைக்கும். ஓர் இரவு தங்கிவிட்டு, காலையில் கிளம்புங்கள்.

காட்பாடி ஓட்டுநர்:

திரும்பும் வண்டிக்கு முழுப் பணத்தையும் முன்பணமாகக் கொடுத்துவிடாதீர்கள். கப்பல் ஒரு நாள் தள்ளிப்போனால் அதைத் திரும்பப் பெறுவது கடினம். காங்கேசன்துறையில் கப்பல் ஏறியதும் ஓட்டுநருக்குத் தகவல் சொன்னால் போதும், அவர் மறுநாள் காலை நாகைக்கு வந்துவிடுவார்.

சத்துவாச்சாரி மகள்:

பாமணி வண்டியில் மூவருக்கும் முன்பதிவு செய்துவிட்டேன். அம்மாவுக்குக் கீழ்ப்படுக்கையே கிடைத்திருக்கிறது. திருவாரூரில் லிஃப்ட் உள்ள விடுதி ஒன்றில் இரண்டு இரவுக்கு அறையும் சொல்லியாயிற்று.