பட்டா கொடுத்தால் ஏழை நாடு முன்னேறிவிடுமா?

பாம்பன்_மாணவி:
எம்.ஏ. பொருளாதாரம் படிக்கிறேன். ஏழை நாடுகள் முன்னேறச் சட்டமும் நிர்வாகமும்தான் அடிப்படை என்று வகுப்பில் சொல்கிறார்கள். 2024 பொருளாதார நோபலும் இந்த ஆய்வுக்குத்தான், அசெமோக்லு, ஜான்சன், ராபின்சன் மூவருக்கும் கிடைத்தது. பெரு நாட்டுப் பொருளாதார அறிஞர் ஹெர்னாண்டோ டி சோட்டோ சொல்வதும் மனதில் நிற்கிறது: ஏழைகளிடம் வீடும் மனையும் இருக்கின்றன, பத்திரம் இல்லை, அதனால் அவற்றை வைத்துக் கடன் வாங்க முடியவில்லை. எங்கள் தெருவிலும் இதேதான். பல வீடுகள் புறம்போக்கில், பேங்க் பக்கமே போக முடியாது, வலை வாங்க வியாபாரியிடம் முன்பணம், அப்புறம் பிடிக்கிற மீனை அவர் சொல்கிற விலைக்கு அவருக்கே போட வேண்டும். பட்டா கொடுத்துவிட்டால் இது மாறுமா?

கீழக்கரை_வாசகன்:
பாதிதான் மாறும். பெருவில் 1990களில் தொடங்கி நகர்ப்புற ஏழைகளுக்குப் பத்து லட்சத்துக்கும் மேல் பத்திரம் கொடுத்தார்கள். அதற்குப் பிறகும் தனியார் வங்கிக் கடன் பெரிதாகக் கூடவில்லை. அர்ஜென்டினாவில் நடந்தது இன்னும் தெளிவானது. 1981-ல் புவெனஸ் ஐரெஸ் பக்கம் ஏழைக் குடும்பங்கள் காலி நிலத்தில் குடியேறின, 1984-ல் அரசு அந்த நிலத்தை எடுத்து அவர்களுக்கே கொடுக்கச் சட்டம் போட்டது. நிலச் சொந்தக்காரர்களில் சிலர் இழப்பீட்டை வாங்கிக்கொண்டார்கள், சிலர் கோர்ட்டுக்குப் போனார்கள், ஆக அக்கம்பக்கத்தில் ஒருவருக்குப் பத்திரம், ஒருவருக்கு இல்லை. பத்திரம் கிடைத்தவர்கள் வீட்டை நன்றாகக் கட்டினார்கள், பிள்ளைகளைக் கூடுதலாகப் படிக்க வைத்தார்கள். கடனும் வருமானமும் மட்டும் அவ்வளவாக உயரவில்லை. யாரும் காலி பண்ணச் சொல்ல மாட்டார்கள் என்ற தைரியம் பெரிய விஷயம்தான், ஆனால் மாதாமாதம் கட்ட வருமானம் இல்லாதவருக்குப் பேங்க் கடன் தராது.

தொண்டி_நாட்டுப்படகு:
தங்கச்சி, வருமானத்தில்தான் சட்டம் வந்து இடிக்கிறது. தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983-லேயே வந்துவிட்டது. கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்குள் விசைப்படகு மடி (கடலடியை அரித்து இழுக்கிற பை வலை) இழுக்கக் கூடாது, இரண்டு படகு சேர்ந்து இழுக்கிற இரட்டை மடிக்கும் தடை. எழுத்தில் எல்லாம் சரியாக இருக்கிறது. நான் சாயங்காலம் நண்டு வலையை விட்டுவிட்டு விடியற்காலையில் போய்ப் பார்த்தால் சில நாள் மிதவையும் அறுந்த கயிறும்தான் கிடக்கும், ராத்திரி கரையோரம் மடி இழுத்துப் போயிருப்பார்கள். எந்தப் படகு என்று சாட்சி சொல்ல ஆள் கிடையாது. நாளைக்கு இருக்குமா என்று தெரியாத வலையை நம்பி யார் குறைந்த வட்டிக்குக் கடன் தருவார்கள்? வியாபாரி அந்த நஷ்டத்தையும் சேர்த்துத்தான் மீனுக்கு விலை வைக்கிறார்.

அதே சட்டத்தில் வருகிற 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தைப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. எந்தப் படகு வெளியே போனாலும் ஊருக்கே தெரியும், நிவாரணமும் வருகிறது, பக்கத்துப் படகுக்காரன் ஏமாற்ற முடியாது என்ற நம்பிக்கை இருக்கிறது. ராத்திரியில் மூன்று மைல் எல்லைக்கு அந்தக் காவல் கிடையாது. சோமாலியாவில் 1991-ல் அரசே சரிந்தபோது வெளிநாட்டுக் கப்பல்கள் வந்து அவர்கள் கடலை அள்ளிக்கொண்டு போயின. காவல் இல்லாத கடலில் சிறு படகுக்காரனுக்கு எதுவும் மிஞ்சாது.

மண்டபம்_அக்கா:
தம்பி சொல்வது சரி, ஆனால் கண்டிப்பாக அமல்படுத்தினால் மட்டும் போதும் என்று விட்டுவிட வேண்டாம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986-ல் தேசியப் பூங்கா ஆயின. அந்தத் தீவுகளைச் சுற்றித்தான் எங்கள் பெண்கள் விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி, கடற்பாசி எடுத்துப் பிழைக்கிறார்கள். காவல் இறுகியதும் பிழைப்பே குற்றமாகிவிட்டது. பவளப்பாறையைக் காக்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. எந்த மாதம் எடுத்தால் பாசி மறுபடி தழைக்கும் என்று தெரிந்தவர்களைக் கேட்டு விதி எழுதலாம் அல்லவா? சிலியில் 1991 சட்டம் கடலோரத்தில் எல்லை பிரித்து அந்தந்த ஊர் மீனவர் அமைப்பிடமே பொறுப்பைக் கொடுக்க வழி செய்தது. லோகோ என்கிற விலை உயர்ந்த சங்கு வகையை எவ்வளவு எடுக்கலாம் என்று ஆய்வாளர்களோடு சேர்ந்து கணக்குப் போடுகிறார்கள், திருட்டுத்தனமாக எடுக்க வருபவரை அவர்களே தடுக்கப் பார்க்கிறார்கள். அங்கேயும் திருட்டு நடக்கிறது, ஆனாலும் காவல் காக்க ஆளுக்கு ஒரு காரணம் இருக்கிறது.

பாம்பன்_மாணவி:
நன்றி அக்கா, நன்றி அண்ணே. பட்டாவை விட்டுவிட்டு, ஒரே சட்டத்தின் தடைக்காலம் நிற்கிறது, மூன்று மைல் விதி நிற்கவில்லை என்பதையே ஆய்வுக்கு எடுக்கலாம் என்று தோன்றுகிறது.

தொண்டி_நாட்டுப்படகு:
எடுங்கள். முன்பணம் வாங்கியவருக்கு என்ன விலை, வாங்காதவருக்கு என்ன விலை என்று ஏலம் நடக்கிற இடத்தில் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று ஊரில் கேளுங்கள், ஊருக்கு ஊர் வழக்கம் வேறு.