ஜிடி 650-க்கு அட்ஜஸ்டபிள் கிளிப்-ஆன்: எதைப் பார்த்து வாங்கணும்?

கேள்வி: என் பைக் ராயல் என்ஃபீல்டு கான்டினென்டல் ஜிடி 650. கொஞ்ச தூரத்துலயே மணிக்கட்டு வலிக்குது. உயரம், கோணம் ரெண்டும் மாத்துற கிளிப்-ஆன் (முன் ஃபோர்க் குழாய்ல ரெண்டு பக்கமும் தனித்தனியா மாட்டுற ஹேண்டில்) போடலாமா?

பதில்: போடலாம் ப்ரோ. ஃபோர்க்கைப் பிடிக்கிற கிளாம்ப் 41 மி.மீ., கைப்பிடி மாட்டுற பார் குழாய் 22 மி.மீ. இருக்கணும். ரொம்ப உயர்த்தினா கிளட்ச் கேபிளும் பிரேக் ஹோஸும் பத்தாது.

பதில்: சுவிட்ச் பெட்டிக்குள்ள சின்ன முளை ஒண்ணு இருக்கும். அதுக்கு பார்ல துளை போடுங்க. சோம்பல்பட்டு முளையை வெட்டினா சுவிட்ச் பெட்டியே சுத்தும்.

பதில்: மாட்டினதும் எஞ்சினை ஐடில்ல விட்டு ஹேண்டிலை ரெண்டு பக்கமும் கடைசிவரை திருப்புங்க. ஆர்பிஎம் ஏறினா த்ராட்டில் கேபிள் இழுபடுதுன்னு அர்த்தம்; கேபிள் போற வழியை மாத்துங்க. விரல் டேங்க்ல நசுங்குதான்னும் பாருங்க. கிளாம்ப் போல்ட்டை மாத்தி மாத்தி, டார்க் ரெஞ்ச்ல (எவ்வளவு இறுக்குறோம்னு அளக்குற ஸ்பேனர்) இறுக்குங்க. அலுமினியம், அளவுக்கு மீறினா விரிசல் விடும்.