ஏஐ பாவித்ததைச் சொல்லத்தான் வேண்டுமா? எவ்வளவு?

வெள்ளவத்தை வாசகன்:
கட்டுரையின் அடியில் "ஏஐ உதவியுடன்" என்று ஒரு வரி போட்டால் கடமை முடிந்ததா? என்னைக் கேட்டால், அந்த வரி போடாததற்குச் சமம். எழுத்துப்பிழை பார்த்ததா, ஆங்கில அறிக்கையைத் தமிழாக்கியதா, பந்தியையே எழுதித் தந்ததா? எழுதுபவரே நூல் வெளியிடும் அமேசானின் தளமான கேடிபி 2023 செப்டெம்பரிலேயே கோடு கீறிவிட்டது: நீங்கள் எழுதியதை ஏஐ திருத்தினால் அறிவிக்கத் தேவையில்லை. ஏஐ எழுதியதையோ மொழிபெயர்த்ததையோ எவ்வளவு திருத்தினாலும் அறிவிக்க வேண்டும்.

கொட்டாஞ்சேனை:
அந்த அறிவிப்புப் போவது அமேசானுக்கு, வாசகருக்கு அல்ல. சொன்னவருக்குத்தான் அடி விழும். சொல்லாதவரைப் பிடிக்க வழியில்லை. சட்ஜிபிடியைச் செய்த ஓப்பன்ஏஐ, ஏஐ எழுத்தைக் கண்டறியும் தன் கருவியை 2023 ஜனவரியில் விட்டு ஜூலையில் எடுத்துவிட்டது. ஏஐ எழுதியதில் 26 வீதத்தைத்தான் பிடித்தது. மனிதர் எழுதியதில் 9 வீதத்தை ஏஐ என்றது. அதுவும் ஆங்கிலத்தில்.

மெய்ப்பு மேசை:
பிடிக்கக் கருவி எதற்கு? ஆங்கில மூலத்தில் 'ஸ்லேவ் ஐலண்ட்' என்றிருந்தால் ஏஐ மொழிபெயர்ப்பில் 'அடிமைத் தீவு' என்று வரும், கொம்பனித்தெரு வராது. புறக்கோட்டை 'பெட்டா' ஆகும். பிரதேச செயலாளர் 'வட்டாட்சியர்' ஆவார். அப்படி ஒரு பதவியே இலங்கையில் இல்லை. மிக மோசமானது எண்: 1.5 மில்லியன் 15 இலட்சமாக வேண்டும், சிலவேளை 1.5 இலட்சமாகிவிடும். வாக்கியம் வழுவழுவென்று இருப்பதால் கண் தாண்டிப் போய்விடும். மொழிபெயர்ப்பு என்று தெரிந்தால்தான் வாசகர் அந்த எண்ணைச் சந்தேகிப்பார்.

கொட்டாஞ்சேனை:
அப்படியென்றால் தேவை சரிபார்ப்பு, அறிவிப்பு அல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏஐ சட்டம், 50 ஆம் உறுப்புரையைப் பாருங்கள். பொதுநல விடயங்கள் பற்றிய ஏஐ எழுத்தை அறிவிக்கச் சொல்கிறது. மனிதர் மீளாய்வு செய்து, ஒருவர் ஆசிரியப் பொறுப்பை ஏற்றால் விலக்கும் தருகிறது.

வெள்ளவத்தை வாசகன்:
மீளாய்வு நடந்தது என்று வாசகருக்கு எப்படித் தெரியும்? இப்படி எழுதலாம்: "அறிக்கையின் 4 பக்கங்கள் ஏஐ மூலம் தமிழாக்கப்பட்டன. எண்கள், இடப்பெயர்கள், பதவிப்பெயர்கள் மூலத்தோடு ஒப்பிடப்பட்டன. மற்றப் பந்திகள் எழுதியவருடையவை." கருவியின் பெயர், பாவித்த மாதம் இரண்டையும் சேருங்கள், ஏனென்றால் பெயர் அதே இருக்க, உள்ளே இயங்கும் ஏஐ மொடல் மாறிக்கொண்டே இருக்கும். கொடுத்த கட்டளை, முதலில் வந்த விடை, இறுதி வடிவம் மூன்றையும் தனித்தனிக் கோப்பாக வையுங்கள். இது இல்லாமல் பிறகு நினைவிலிருந்து எழுதினால் அறிவிப்பே பிழைக்கும்.

கொட்டாஞ்சேனை:
மொழிபெயர்ப்புக்குச் சரி, ஒத்துக்கொள்கிறேன். ஒற்றுப்பிழை பார்த்ததற்கும் அறிவிப்பு என்றால் மாட்டேன்.

மெய்ப்பு மேசை:
அதை ஒருவரும் கேட்கவில்லை. ஆனால் "ஒற்றைத் திருத்தித் தா" என்றால் அது வாக்கியத்தையும் மாற்றித் தரும். 'வைத்தியசாலை' சத்தமில்லாமல் 'மருத்துவமனை' ஆகிவிடும். "பிழைகளைப் பட்டியலிடு, உரையைத் தொடாதே" என்று கேட்டு, கையால் திருத்துங்கோ. இல்லாவிட்டால் நீங்கள் செய்தது ஒற்றுத் திருத்தமா என்று உங்களுக்கே தெரியாது.