பார்சரில் பிரைவேட் சோதனை தவறிப்போகிறது, உதவி தேவை

கம்பைலர் வேலை தெரிந்த அண்ணாமார், அக்காமார், கொஞ்சம் பாருங்கோ. கிளிநொச்சியில் இருந்து எழுதுகிறேன். சி++ மொழியின் ஒரு பகுதிக்கு நானே எழுதிய பார்சரில் (நிரலை வாசித்து அதன் அமைப்பைப் பிரிக்கும் கம்பைலர் பகுதி) 3 வாரமாக ஒரே பிழையோடு நிற்கிறேன். உபுண்டு 22.04, 8 ஜிபி மடிக்கணினி.

வகுப்புக்கு வெளியே உறுப்பு ஃபங்ஷனை எழுதும்போது, திரும்பும் வகை பிரைவேட்டாக, அதாவது அந்த வகுப்புக்குள் மட்டும் பயன்படுத்தக்கூடியதாக, இருக்கலாம். அது யாருடைய ஃபங்ஷன் என்பது பெயரை வாசித்த பிறகுதான் தெரியும். அதனால் பிரைவேட் பெயரைப் பயன்படுத்த அனுமதி உண்டா என்ற சோதனைகளை ஓர் அடுக்கில் (ஸ்டாக்) ஒத்திவைக்கிறேன். இதுவரை சரி.

டெம்ப்ளேட் (வேறு வகையை உள்ளே கொடுத்துப் பயன்படுத்தும் பொது வார்ப்பு) வந்தால்தான் சிக்கல். மெயினில் 'வெக்டர்<பெட்டி::உள்>' என்று மாறியை அறிவிக்கிறேன். 'உள்' என்பது 'பெட்டி' வகுப்பின் பிரைவேட் வகை, அதனால் பிழை வரவேண்டும், ஆனாலும் வருவதில்லை. பார்சர் முதலில் ஊகித்து வாசித்து, தோற்றால் பின்வாங்குகிறது. அப்படி வாசித்த முழு டெம்ப்ளேட் பெயரை, மறுபடி பிரிக்காமல் இருக்க, வேகத்துக்காக ஒரே டோக்கனாக (பார்சர் வாசிக்கும் ஒரு சொல் அலகு) மாற்றிவிடுவேன். பின்வாங்கும்போது ஒத்திவைத்தவை அழிகின்றன. இரண்டாம் முறை அந்த டோக்கனை மட்டும் வாசிப்பதால் அவை திரும்பி வருவதில்லை.

டோக்கன் மாற்றத்தை நிறுத்தினேன். பிழை சரியாக வந்தது, ஆனால் ஒன்றுக்குள் ஒன்றாக டெம்ப்ளேட் வந்தால் தாங்கமுடியாத மெதுவு. அழிக்காமல் விட்டும் பார்த்தேன். தோற்ற ஊகத்தின் சோதனைகள் மிஞ்சி, நல்ல நிரலுக்கும் பிழை. அப்புறம் ஜிசிசி கம்பைலர் செய்வதுபோல டோக்கனுக்குள்ளேயே சோதனைகளை வைத்தேன். மெயினில் சரியாகிவிட்டது. ஆனால் வெளியே எழுதும் உறுப்பு ஃபங்ஷனின் திரும்பும் வகையில் அதே டெம்ப்ளேட் வந்தால் பொய்ப் பிழை.

டோக்கனில் உள்ள சோதனைகளை மறுபடி வாசிக்கும்போதே நடத்தவேண்டுமா, அல்லது அந்த நேரம் திறந்திருக்கும் ஒத்திவைப்பு அடுக்கில் சேர்க்கவேண்டுமா?