பீரியட்ஸ் நின்ற பிறகு ஹார்மோன் சிகிச்சை: எடுத்தவங்க, மறுக்கப்பட்டவங்க அனுபவம் சொல்லுங்க

தும்பைப்பூ:
எனக்கு 49 வயசு. பீரியட்ஸ் நின்னு ஒரு வருஷம் தாண்டிடுச்சு. நடுராத்திரியில நெஞ்சுலேர்ந்து முகம் வரைக்கும் குப்புன்னு அனல் ஏறும், நைட்டி தொப்பலா நனைஞ்சுடும். டாக்டரம்மா பி.பி., சுகர், கொலஸ்ட்ரால், மேமோகிராம் எல்லாம் பார்த்துட்டு ஈஸ்ட்ரோஜன் ஜெல் எழுதினாங்க. கர்ப்பப்பை இருக்கறதால ராத்திரிக்கு புரோஜெஸ்டிரான் மாத்திரையும் உண்டு. ஜெல்லைக் கையில தடவி, நல்லா காஞ்ச பிறகுதான் ஜாக்கெட் போடணும். இப்ப நிம்மதியா தூங்கறேன்.

இதைப் பார்த்துட்டு எங்க பெரியக்காவும் கேட்டாங்க. அவங்களுக்கு 64. அனல், வேர்வை எதுவும் இல்ல. "ரத்தக்குழாய் அடைக்காதாமே, எனக்கும் எழுதித் தரச் சொல்லு"ன்னாங்க. டாக்டரம்மா முடியாதுன்னுட்டாங்க. ஏன்னு கேட்டதுக்குப் பொறுமையா விளக்கினாங்க, அதுக்காகத்தான் இந்தப் பதிவு.

அமெரிக்காவுல விமென்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்னு பெரிய ஆய்வு. அதுல 16,608 பேர் இருந்த ஒரு பிரிவை 2002-ல பாதியிலேயே நிறுத்திட்டாங்க. ரெண்டு ஹார்மோனும் சேர்ந்த மாத்திரை எடுத்தவங்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், மார்பகப் புற்றுநோய் ஒவ்வொண்ணும் 10,000 பேருக்கு வருஷத்துக்கு ஏழெட்டு கூடுதலா வந்துச்சு. ஆனா சேர்ந்தவங்க சராசரி வயசு 63, அதாவது பீரியட்ஸ் நின்னு பல வருஷம் ஆனவங்கதான் நிறைய! அப்ப சீக்கிரமா ஆரம்பிச்சா வேற மாதிரி இருக்குமான்னு பார்த்தாங்க. 2016-ல வந்த எலைட் ஆய்வுல 643 பேரோட கழுத்து ரத்தக்குழாய்ச் சுவரை ஸ்கேன்ல அளந்துகிட்டே வந்தாங்க. பீரியட்ஸ் நின்னு 6 வருஷத்துக்குள்ள ஆரம்பிச்சவங்களுக்குச் சுவர் தடிக்கறது மெதுவாச்சு. 10 வருஷம் தாண்டினவங்களுக்கு ஒரு பலனும் இல்ல. கீப்ஸ்னு இன்னொரு ஆய்வுல, சீக்கிரமா ஆரம்பிச்சவங்களுக்கே நாலு வருஷத்துல வித்தியாசம் தெரியல. அதனால அனலுக்கும் தூக்கத்துக்கும் தருவாங்களே தவிர, ரத்தக்குழாயைக் காப்பாத்தன்னு மட்டும் தர்றதில்ல. அக்காவுக்கு பி.பி. மாத்திரையை ஒழுங்கா போடச் சொல்லி, தினமும் நடக்கச் சொல்லி அனுப்பினாங்க. தயவுசெஞ்சு ஒருத்தர் மருந்துச் சீட்டை வச்சு இன்னொருத்தர் வாங்காதீங்க.

வைகை:
எனக்கு 41 வயசுல கட்டின்னு கர்ப்பப்பையோட ரெண்டு சினைப்பையையும் எடுத்துட்டாங்க. வீட்டுக்கு அனுப்பறப்ப தையல் பிரிக்கற தேதி சொன்னாங்க, குடம் தூக்காதேன்னாங்க. சினைப்பை போனா அன்னைக்கே மெனோபாஸ், 45-க்கு முன்னாடி அது வந்தா இதயத்துக்கும் எலும்புக்கும் ஆபத்து கூடும், வேற தடை இல்லாட்டி இயல்பா நிக்கற வயசு வரைக்குமாவது ஈஸ்ட்ரோஜன் எடுக்கணும்னு யாருமே சொல்லல. வருஷங்கள் கழிச்சு வேற ஊர் டாக்டர் சொல்லித்தான் தெரிஞ்சுது. இன்னைக்கு நினைச்சாலும் வயிறு எரியுது. ஆபரேஷனுக்குத் தேதி வாங்கியிருக்கற தங்கச்சிங்க, "சினைப்பையை விட்டுவைக்க முடியுமா? எடுத்தா அடுத்து என்ன மருந்து?"ன்னு கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடியே கேளுங்கம்மா.

பனைநிழல்:
நான் ஸ்டென்ட் வச்சவ. எனக்கும் அனல் தாங்கல, ஆனா ஹார்மோன் கிடையாதுன்னு கார்டியாலஜிஸ்ட் உறுதியா சொல்லிட்டார். 1998-லயே ஹெர்ஸ்னு ஒரு ஆய்வு, ஏற்கெனவே இதய நோய் இருந்த 2,763 பெண்கள். மொத்தத்துல பலன் இல்ல, முதல் வருஷத்துல மாரடைப்பு கூடத்தான் செஞ்சுதாம். அனலுக்கு ஹார்மோன் இல்லாத வேற மாத்திரை தந்திருக்காங்க, பாதிக்குப் பாதி குறைஞ்சிருக்கு. வைகை, எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுத்துட்டீங்களா?