ஏற்காடு வீட்டின் கீழ் அறை: கான்கிரீட்டில் பழைய பெயின்ட்டை எடுப்பது எப்படி?

கேள்வி: வீட்டை விற்கப் போகிறோம். சரிவில் மண்ணை ஒட்டிய கீழ் அறையில், தரையிலும் சுவரிலும் பழைய எனாமல் செதில் செதிலாக உரிகிறது. ஆசிட் ஊற்றலாமா?

பதில் 1: வேண்டாங்க. ஆசிட் சிமென்ட்டைத்தான் அரிக்கும், பெயின்ட் அப்படியே நிற்கும். பெயின்ட்டை இளக்கும் ஜெல் ரிமூவரைக் கனமாகத் தடவி, காயாமல் பாலித்தீன் போட்டு மூடுங்க. குமிழ் விட்டதும் பட்டி பிளேடால் சுரண்டுங்க. கையுறை கட்டாயம், ஜன்னல் திறந்தே இருக்கணும்.

பதில் 2: தரைக்கு மட்டும் கிரைண்டரில் டைமண்ட் கப் வீல் (கான்கிரீட்டைத் தேய்க்கும் கிண்ண வடிவச் சக்கரம்) போட்டா வேகமா முடியுமே?

பதில் 1: முடியும். ஆனால் 2017-க்கு முந்தைய எனாமலில் ஈயம் இருக்கலாம். மூடிய அறையில் அந்தத் தூசியைக் கிளப்பவே கூடாது.

பதில் 3: உரிவதற்குக் காரணமே ஈரம்தான். சுரண்டிய இடத்தில் ஒன்றரை அடிச் சதுர பாலித்தீனை நாலு பக்கமும் டேப் ஒட்டி 16 மணி நேரம் விடுங்க. உள்பக்கம் வேர்த்திருந்தால் மறுபடி எனாமல் அடிக்காதீங்க, முதலில் சரிவின் மேல்பக்க வடிகாலைச் சரிசெய்யுங்க. சுவருக்குச் சுண்ணாம்பு போதும். ஈரத்தை வெளியே விடும்.