புது பேட்டரி போட்டும் டார்ச் மங்குகிறது

கவின்: என் பாக்கெட் எல்இடி டார்ச் பாடாய்ப் படுத்துகிறது. போட்டதும் பளிச்சென்று எரிகிறது, கொஞ்ச நேரத்தில் வெளிச்சம் பாதியாகிவிடுகிறது. பேட்டரி புதிதுதான். யாருக்காவது தெரியுமா?

செல்வி அத்தை: பல்பு போயிருக்கும்டா. வேறு வாங்கிக்கொள்.

முரளி சித்தப்பா: அதற்குள் தூக்கிப் போடாதே. எல்இடி தேய்ந்து மங்க ஆயிரக்கணக்கான மணி நேரம் எரிய வேண்டும், அப்படி மங்கினால் திரும்பப் பளிச்சென்று வரவும் வராது. எத்தனை செல்? மங்கும்போது தலைப்பக்கம் சுடுகிறதா?

கவின்: ஒரே ஒரு டபுள் ஏ செல், அல்கலைன். லேசான வெதுவெதுப்புதான் சித்தப்பா. குறைந்த வெளிச்சத்தில் வைத்தால் மங்குவதே இல்லை. கையில் தட்டினால் சிலசமயம் சரியாகிறது.

முரளி சித்தப்பா: தட்டினால் சரியாகிறது என்பதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! சில டார்ச்சுகள் சூடாகாமல் இருக்க உச்ச வெளிச்சத்தைச் சில நிமிடங்களில் தாமாகவே குறைத்துக்கொள்ளும், அது பழுது இல்லை, ஆனால் அது தட்டினால் மாறாது. உன்னுடையதில் எங்கேயோ தொடர்பு சரியில்லை.

வித்யா: ஆனால் குறைந்த வெளிச்சத்தில் மட்டும் ஏன் ஒழுங்காக எரிகிறது?

முரளி சித்தப்பா: வெள்ளை எல்இடிக்குச் சுமார் 3 வோல்ட் வேண்டும். ஒற்றைச் செல் தருவது 1.5 தான், அதனால் உள்ளே இருக்கும் சின்ன சர்க்யூட் வோல்டேஜை ஏற்றிக் கொடுக்கிறது, அதற்குச் செல்லிலிருந்து நிறைய கரண்டை இழுக்கிறது. 1 ஆம்பியர் ஓடும்போது அழுக்கேறிய ஓர் இடத்தில் 0.3 ஓம் தடை இருந்தால்கூட 0.3 வோல்ட் அங்கேயே போய்விடும், அதாவது 1.5ல் ஐந்தில் ஒரு பங்கு. குறைந்த வெளிச்சத்தில் கரண்ட் கொஞ்சம்தான், இழப்பும் கண்ணுக்குத் தெரியாது.

கவின்: மல்டிமீட்டரில் செல் 1.5க்கு மேல்தான் காட்டியது.

முரளி சித்தப்பா: சும்மா வைத்து அளந்தால் சோர்ந்த செல்கூட நல்ல எண்தான் காட்டும், லோடு ஏறும்போதுதான் சாயம் வெளுக்கும். சரி, இதைச் செய். பின்மூடியைக் கழற்றிவிட்டு, ஒரு ஜெம் கிளிப்பை நிமிர்த்தி, ஒரு முனையைச் செல்லின் தட்டையான பக்கத்திலும் மறுமுனையைக் குழாயின் வெறும் உலோக விளிம்பிலும் அழுத்திப் பிடி. கறுப்புப் பூச்சின் மேல் வைக்காதே, அதில் கரண்ட் ஓடாது. அப்படிப் பிடிக்கும்போது மங்காமல் எரிந்தால் கோளாறு மூடியில்தான்.

கவின்: மங்கவே இல்லை சித்தப்பா! நல்ல வெளிச்சம், கண் கூசுகிறது.

முரளி சித்தப்பா: மூடிக்குள் எட்டிப் பார். ஸ்பிரிங்கைச் சுற்றி ஒரு வளையம், அதில் எதிரெதிரே இரண்டு பள்ளம் இருக்கும். ஆடுகிறதா?

கவின்: [படம்] ஆமாம், விரலாலேயே சுற்ற முடிகிறது. மரையிலும் கறுப்பாக என்னவோ படிந்திருக்கிறது.

முரளி சித்தப்பா: அதுதான் ஆசாமி. சுவிட்சை அழுத்திப் பிடிப்பதும் அந்த வளையம்தான், கரண்ட் மூடியின் உடம்புக்குப் போவதும் அதன் வழியாகத்தான். மூக்குக் குறட்டின் இரண்டு முனையையும் பள்ளத்தில் வைத்து இறுக்கு. மரையையும் குழாய் விளிம்பையும் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடை, ஸ்பிரிங் நுனியைப் பென்சில் அழிப்பானால் தேய்த்தால் போதும். உப்புத்தாள் மட்டும் வேண்டாம், ஸ்பிரிங்கின் மேல்பூச்சு போய்விட்டால் துருப்பிடிக்கும்.

வித்யா: கவின், அப்படியே அல்கலைனை விட்டு ரீசார்ஜ் செய்யும் நிக்கல் செல்லுக்கு மாறிவிடு. 1.2 வோல்ட்தான், ஆனாலும் நிறைய கரண்ட் இழுக்கும்போது அல்கலைனைவிட நன்றாகத் தாங்கும்.

முரளி சித்தப்பா: சரியாகச் சொன்னாய் வித்யா. ஆனால் இதே அளவில் 14500 என்று ஒரு லித்தியம் செல் வருகிறது, பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், அது 3.7 வோல்ட், முழுதாக சார்ஜ் ஏறினால் 4.2. டார்ச்சில் அதைப் போடலாம் என்று எழுதியிருந்தால் ஒழிய போடாதே, சர்க்யூட் கருகிவிடும்.

கவின்: இறுக்கித் துடைத்துவிட்டேன். உச்ச வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், இதுவரை அப்படியே எரிகிறது. தட்டினாலும் ஒரு மாற்றமும் இல்லை. மிக்க நன்றி சித்தப்பா!

செல்வி அத்தை: முரளி, என் டார்ச்சைத் திறந்தால் செல்லின் ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. இதையும் அழிப்பானால் தேய்க்கலாமா?

முரளி சித்தப்பா: ஐயோ, வெறுங்கையால் தொடாதீர்கள் அக்கா, அது செல்லிலிருந்து கசிந்த காரம், தோலையும் கண்ணையும் அரிக்கும். கையுறை போட்டுச் செல்லை வெளியே எடுத்துவிடுங்கள். பஞ்சில் வினிகரோ எலுமிச்சைச் சாறோ ஒரு துளி தொட்டு ஒற்றினால் நுரைத்து அடங்கும். அப்புறம் ஈரத்துணியால் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள்.

செல்வி அத்தை: உள்ளே 3 செல் இருக்கிறது. பூத்ததை மட்டும் மாற்றினால் போதுமா?

முரளி சித்தப்பா: மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். பழையதும் புதியதும் கலந்தால் பழையது முதலில் தீர்ந்து மறுபடியும் கசியும்.